‘இனி ஒண்ணும் செய்யறதுக்கு இல்லை’ என்பதா வைத்தியம்?

திருவண்ணாமலை—

“இனி ஒண்ணும் செய்யறதுக்கு இல்லை. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

புற்றுநோய் முற்றியவரின் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் கடைசிப் பதில் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. வலி, மூச்சுத் திணறல், படுக்கைப் புண், பயம் எல்லாவற்றையும் தணிக்கத் தனி வைத்தியமே உண்டு. நோய் ஆதரவு சிகிச்சை என்று பெயர்.

இடது கையில் புற்றுநோய் கண்டு, 4 ஆபரேஷனுக்குப் பிறகு 1950 ஏப்ரல் 14-ல் ரமண மகரிஷி மறைந்த ஊர் இது. இன்று இங்கே அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

விவரித்தால் போதுமா?

2019-ல் நாடு முழுவதும் வந்த எம்.பி.பி.எஸ். புதுப் பாடத்திட்டத்தில், மயக்க மருந்துப் பாடத்தில் இதற்கும் இடம் கொடுத்தார்கள். எப்படி? சாகும் நிலையில் இருப்பவரின் வலியைப் போக்கும் முறைகளை “விவரிக்க” மாணவருக்குத் தெரிய வேண்டுமாம்!

மார்பின் மாத்திரையை 4 மணிக்கு ஒரு தடவை கொடுக்கணும். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்தும் வேணும். இதைப் பேப்பரில் எழுதிவிடலாம்.

“டாக்டர், நான் பொழைப்பேனா?” என்று நோயாளி கையைப் பிடித்துக் கேட்டால்? அதற்கு மனப்பாடம் உதவாது.

நோயாளியாக ஒருவரை நடிக்க வைத்து, மாணவர் பேசுவதைப் பார்த்து மார்க் போடும் முறை அமெரிக்காவில் 1960-களிலேயே வந்துவிட்டது. இங்கே நடிகரும் தேவையில்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தச் சிகிச்சை வீட்டுக்கே போகிறது. கூடவே மாணவரையும் பேராசிரியரையும் ஜமுனாமரத்தூர் மலைக்கு ஏற்றி அனுப்பினால் என்ன? ஒரு ஜீப் செலவுதான்.