வடபழனி மால் வாடகை தேவதானப்பட்டிக்கு வருமா?

தேவதானப்பட்டி பக்கம் கையில் நாலு காசு சேர்ந்தால் என்ன செய்வார்கள்? மாந்தோப்பு வாங்குவார்கள். இல்லாவிட்டால் மெயின் ரோட்டோரம் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விடுவார்கள்.

நல்லதுதான். ஆனால் அதற்கு லட்சக்கணக்கில் வேண்டும். பத்திரச் செலவு, வில்லங்கம், வாடகை பாக்கி என்று தலைவலியும் கூடவே வரும்!

இப்போது வேறொரு வழி வந்திருக்கிறது. சென்னை வடபழனியில் நெக்சஸ் விஜயா மால் இருக்கிறதே, அதன் வாடகையில் பெரியகுளத்துக் குமாஸ்தாவும் பங்கு வாங்கலாம்!

எப்படி?

பலரிடம் பணம் சேர்த்துப் பெரிய கட்டடங்களை வாங்கி, வருகிற வாடகையைப் பிரித்துக் கொடுக்கிற டிரஸ்டுக்கு 'ரீட்' என்று பெயர். அமெரிக்காவில் 1960-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 'செபி' விதி போட்டது 2014-ல். முதல் ரீட்டான 'எம்பசி' 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. வடபழனி மாலை வைத்திருக்கும் 'நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட்' 2023 மே மாதம் வந்தது. அப்போது ஒரு யூனிட் விலை 100 ரூபாய்.

சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை வருகிற கட்டடமாக இருக்க வேண்டும். செலவு போக நிற்கிற பணத்தில் 90 சதவீதத்தை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது, யூனிட்காரர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். டீமேட் கணக்கு இருந்தால் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம், விற்கலாம்.

பத்து லட்சம் இருந்தால்...

இணையதளம் மூலம் பலரைச் சேர்த்து ஒரு கட்டடத்தை வாங்கும் வியாபாரமும் நடந்து வந்தது. 2024 மார்ச்சில் செபி அதற்கும் கடிவாளம் போட்டது. அதுதான் 'சிறு ரீட்'. சொத்து மதிப்பு 50 கோடி முதல் 500 கோடிக்குள். குறைந்தது 200 பேர் சேர வேண்டும். ஆளுக்குக் குறைந்தது 10 லட்சம்!

நஷ்டம் வராதா?

வரும்! யூனிட் விலை ஏறும், இறங்கும். 2020 கொரோனா ஊரடங்கில் மால்களெல்லாம் பூட்டிக் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கடை பூட்டினால் வாடகை ஏது? பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. இதற்குக் கிடையாது. பெண் கல்யாணத்துக்கு வைத்த பணத்தை இதில் போடக்கூடாது.

5 கோடிப் பேர் ஏமாந்த கதை

"நமக்கு எதுக்கண்ணே பங்குச் சந்தை? ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து வாங்கிக்கிறாரே!" என்கிறீர்களா?

அப்படித்தான் நிலத்தைக் காட்டி 'பி.ஏ.சி.எல்.' கம்பெனி தவணை தவணையாக வசூலித்தது. 49,100 கோடி ரூபாய்! கொடுத்தவர்கள் சுமார் 5 கோடியே 85 லட்சம் பேர். பணத்தைத் திருப்பிக் கொடு என்று 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. 2016-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி லோதா தலைமையில் கமிட்டி போடச் சொன்னது. நிலங்களை விற்று, சின்னத் தொகை போட்டவர்களிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வருஷங்கள் ஓடிப்போயின.

அங்கே காட்டியது நிலம்; வாடகை வருகிற கட்டடம் இல்லை. 'இத்தனை வருஷத்தில் இத்தனை கிடைக்கும்' என்ற வாய்ப்பேச்சுதான் மூலதனம்!

மூன்று கேள்வி

ஆகவே, நிலம், கட்டடம் என்று யார் வந்து பணம் கேட்டாலும் மூன்றே கேள்வி கேளுங்கள்.

செபியில் பதிவு உண்டா? (பட்டியல் செபி இணையதளத்திலேயே இருக்கிறது.)

இன்றைக்கு வாடகை கொடுப்பது யார்?

நாளைக்கே பணம் வேண்டுமென்றால் யாரிடம் விற்பது?

பதில் சொல்லாமல் "பம்பர் பரிசு, வெள்ளிக் குத்துவிளக்கு" என்று பேச்சை மாற்றினால், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நஷ்டம் காபியோடு போகட்டும்!