ஜன்னலுக்கு வெளியே தெரிய வேண்டும்

நள்ளிரவு 12 மணி. சரக்குக் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜுக்குள் செகண்ட் மேட் எனும் அதிகாரி நுழைந்து கதவைச் சாத்துகிறார். படிக்கட்டில் எரிந்த குழல்விளக்கு இன்னும் கண்ணுக்குள் மிதக்கிறது. கடல் எது, வானம் எது என்று பிரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகும் வரை அவர் வாட்ச் எனும் காவல் பொறுப்பை ஏற்கக் கூடாது. இது மாலுமிகளுக்கான சர்வதேச விதி.

ஏன் இந்தக் காத்திருப்பு? விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சம், மங்கலில் பார்க்கும் குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி. குச்சி செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பளிச்சென்ற ஒளி பட்டால் அது வெளிறிவிடும். இருட்டில்தான் மெல்ல ஊறி வரும். முழுதாகத் திரும்ப அரைமணி நேரம் ஆகும். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்களே இல்லை. அதனால்தான் தூரத்து மீன்பிடிப் படகின் மங்கிய விளக்கை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்றே ஒதுக்கினால் தெரியும்.

இந்த இருட்டுப் பார்வையைக் காக்கச் சிவப்பு விளக்கு வந்தது. 507 நானோமீட்டர் அளவிலான நீலப்பச்சை ஒளியைக் குச்சி செல்கள் நன்றாக உணரும். 640க்கு மேற்பட்ட சிவப்பு அவற்றுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் காகித வரைபடத்தில் சிவப்பு மையால் போட்ட கோடு சிவப்பு வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். கடல் வரைபடங்களில் பல குறிகள் மெஜந்தாவில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2012 முதல் 2018 வரை படிப்படியாக, எக்டிஸ் எனும் மின்னணு வரைபடத் திரை பெரிய கப்பல்களில் கட்டாயமானது. அங்கே நிறங்களுக்குப் பொருள் உண்டு; ஆழமும் ஆபத்தும் நிறத்தாலேயே பிரிகின்றன. எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் வரைபடமே ஊமையாகிவிடும். ஆகவே பகல், அந்தி, இரவு என்று தனித்தனி வண்ணத் தொகுப்புகள் வைத்தார்கள். இரவுத் தொகுப்பில் பின்னணி கறுப்பு, அதன்மேல் மங்கிய கோடுகள். என் பார்வையில் இதுதான் சரியான வழி. நிறத்தைவிட, கண்ணுக்குள் போகும் மொத்த ஒளியின் அளவே இங்கு முக்கியம்.

அந்த அளவைக் குறைப்பது லேசான வேலை இல்லை. சாதாரண எல்சிடி திரையின் பின்விளக்கு, கறுப்பு இடங்களிலும் கசியும். இருட்டறையில் பார்த்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகத்தான் இருக்கும். அதைத் தடுக்கத் திரைமேல் ஒளி குறைக்கும் தகடு மாட்டுவார்கள். ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி ஒளியே விடாது என்பதால் இந்தத் தொல்லை இல்லை. எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ஒளியை அளவுக்கு மீறி இறக்கினால் பாறையைக் காட்டும் சின்னஞ்சிறு குறியும் சேர்ந்து மறைந்துபோகும்.

இவ்வளவும் செய்த பிறகு, மூலையில் ஒரு சார்ஜரின் நீல எல்இடி மினுக்கிக்கொண்டிருந்தால் அது எதிர்க்கண்ணாடியில் பிரதிபலித்து வெளியே இருப்பதை மறைக்கும். கறுப்பு டேப் ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

இதைக் கரையிலும் உணரலாம். மொட்டைமாடியில் விளக்கணைத்து அரைமணி நேரம் உட்காருங்கள். பிறகு ஒரு கண்ணை இறுக மூடி, மறு கண்ணால் மட்டும் கைபேசியைச் சிறிது நேரம் பாருங்கள். அதை வைத்துவிட்டு, மங்கிய நட்சத்திரங்களை இரு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். இரவு வேலைக்கான திரையை வடிவமைப்பவர்கள் தயவுசெய்து அதையும் இப்படியே, அரைமணி இருட்டில் இருந்த பிறகு, ஜன்னல் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள்.