குறி தவறியது ஏன்?

ஒரே துப்பாக்கி, ஒரே அளவு வெடிமருந்து, குறியும் ஒன்றே. ஆயினும் 18ஆம் நூற்றாண்டுப் படைவீரர் சுட்ட குண்டு ஒருமுறை இடப்புறமும் மறுமுறை வலப்புறமும் விலகியது. ஏன்?

விடை தேடியவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். முதலில் குண்டின் வேகத்தை அளக்க வேண்டுமே! மரப்பலகை பதித்த கனமான இரும்பு ஊசலைத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். குண்டு பலகையில் புதைய, ஊசல் ஆடியது. ஆட்டத்தின் அளவிலிருந்து ஊசலின் வேகம் கிடைக்கும். ஊசலும் குண்டும் சேர்ந்த நிறை, குண்டின் நிறையைப்போல் 500 மடங்கு என்போம். அவை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், குண்டு வந்த வேகம் நொடிக்கு 500 மீட்டர். உந்தம் அழிவதில்லை அல்லவா? இம்முறையை 1742இல் தம் நூலில் விளக்கினார்.

விலகலுக்குக் காரணம்? குழாயின் சுவரில் உரசும் குண்டு சுழலத் தொடங்குகிறது. சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்றார் ராபின்ஸ். இதைச் சோதிக்கக் குழாயின் முனையை இடப்புறம் வளைத்துச் சுட்டார். இடப்புறம் புறப்பட்ட குண்டு, போகப்போக வலப்புறம் திரும்பியது!

குழாயினுள் சுருள் பள்ளங்கள் இருந்தால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழலும், கண்டபடி விலகாது. இத்தகைய துப்பாக்கிகள் முன்பே இருந்தன. அவற்றின் சிறப்புக்குக் காரணம் காட்டி, 1747இல் அவற்றுக்காக வாதாடினார் ராபின்ஸ்.

இன்றும் தோட்டா செய்வோர் மருந்தை நிறுத்து, வேகத்தை அளந்து, ஒவ்வொன்றையும் ஒரே சீராக்குகின்றனர். அளவீடே துல்லியத்தின் தாய்.

கோட்டைகளைச் செப்பனிட இந்தியா வந்த ராபின்ஸ், 1751இல் நம் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.