நந்திவரத்து மழை எந்த ஊர்க் கணக்கு?

கூடுவாஞ்சேரியில் அடைமழை பிடித்தால் நந்திவரம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும். உபரிநீர் மகாலட்சுமி நகர் வழியாக ஆதனூர்ப் பக்கம் இறங்கும். அங்கே தலையெடுக்கும் அடையாறு மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர், சைதாப்பேட்டை என்று ஓடிக் கடலைத் தொடுகிறது. நீளம் சுமார் 42 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நீர் கடக்கும் நிர்வாகங்களைப் பாருங்கள்: 2021-இல் நகராட்சியான நந்திவரம்-கூடுவாஞ்சேரி, அடுத்தடுத்துச் சில ஊராட்சிகள், காஞ்சிபுரம் மாவட்டத்து வரதராஜபுரம், அதே 2021-இல் பிறந்த தாம்பரம் மாநகராட்சி, கடைசியில் சென்னை. ஏரிகளின் பொறுப்பு வேறு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம்.

அதிகாரம் இப்படிப் பிரிந்து கிடப்பது நல்லதா? 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. எந்தத் தெருவில் எந்தச் சிறுபாலம் அடைத்திருக்கிறது என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். கூடுவாஞ்சேரி இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகள் 2016 முதல் 2021 அக்டோபர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. போய்க் கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத ஐந்து ஆண்டுகள் அவை.

ஏரியை உள்ளூரே காப்பது புதிதல்ல. உத்திரமேரூரில் கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைச் சொல்கிறது. குடவோலையில் தேர்வு, முன்பு கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. நிலமுள்ள பிராமணர்களின் சபை அது, எல்லோருக்குமானது அல்ல. ஆனாலும் ஏரியைக் காத்தவர்கள் அதன் தண்ணீரை நம்பியிருந்தவர்கள்.

இன்றைய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வயல்கள் மனைகளாகிவிட்ட பிறகு, மேட்டில் இருப்பவருக்கு நீர் சீக்கிரம் வெளியேறினால் போதும். மேட்டு ஊரின் மன்றம் பெரிய வடிகால் வெட்டினால் அதன் வாக்காளர்கள் வாழ்த்துவார்கள். அந்த நீர் போய் நிற்கும் பள்ளத்து ஊர்க்காரருக்கு அங்கே ஓட்டு கிடையாது.

இதற்கு விடை தேடியவர் எலினோர் ஆஸ்ட்ரம். லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பல நகரங்கள் ஒரே நிலத்தடி நீரை உறிஞ்ச, கடல்நீர் உள்ளே புகுந்தது. யாரும் யாரையும் விழுங்கவில்லை. கூடிப் பேசி, உறிஞ்சும் அளவுக்கு வரம்பு கட்டி, நீர் செறிவூட்டத் தனி அமைப்பை உருவாக்கினார்கள். அதைத் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த ஆஸ்ட்ரம், உலகெங்கும் வாய்க்கால், காடு, மீன்வளம் என்று தேடிப்போய் 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்ணானார். அவர் கண்டது: சிறு அமைப்புகள் இருக்க வேண்டும், வளம் எவ்வளவு பரந்ததோ அவ்வளவு பரந்த ஓர் அமைப்புக்குள் அவை அடங்கவும் வேண்டும்.

நம் அரசியலமைப்பில் அதற்கு இடமிருக்கிறது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தம் பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத இடங்களை உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு ஒதுக்குகிறது. ஊராட்சித் தலைவர்களும் அதில் சேர்த்தி. நீரைப் பகிர்வதும் அந்தக் குழுவின் வேலை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. கூடுவாஞ்சேரியின் வடிகால் வரைபடத்தை வரதராஜபுரத்தார் பார்த்துக் கேள்வி கேட்கும் கூட்டம் அப்படித்தான் நடக்க முடியும். அது மழைக்கு முன்பே நடக்க வேண்டும்.