விரல் நீளக் கட்டைக்குள் ஒரு லிட்டர் ஹைட்ரஜன்

சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு ஒண்டிக்கடைக்கு வந்து சேரும்போது வெடித்துவிடுமோ என்கிற அளவுக்கு உப்பியிருக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். அழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. அதே பையில், பிள்ளையின் ரிமோட் காருக்கு வாங்கிய நான்கு பென் பேட்டரிகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ரீசார்ஜ் செய்யும் வகை, முழு சார்ஜ். அவற்றுக்குள்ளும் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இருப்பதை வெளியே எடுத்து வாயுவாக்கினால், சேலத்தில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்; ஒண்டிக்கடையில் ஒரு லிட்டரைத் தாண்டும். ஆனால் பேட்டரி துளியும் உப்பவில்லை.

காரணம், அங்கே ஹைட்ரஜன் வாயுவாக இல்லை, உலோகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. லாந்தனம் ஒரு பங்கு, நிக்கல் ஐந்து பங்கு என அணுக்கணக்கில் கலந்த உலோகத்தில் அணுக்களுக்கு நடுவே சந்துகள் உண்டு. ஒவ்வொரு ஆறு உலோக அணுக்களுக்கும் ஏறக்குறைய ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் அந்தச் சந்துகளில் புகுந்துகொள்கின்றன. மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிய ஹைட்ரஜனில்கூட இவ்வளவு நெருக்கம் கிடையாது! 1960களின் இறுதியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் காந்த உலோகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் கண்ணில் பட்ட விந்தை இது. இந்தக் குடும்பத்து உலோகத்தை வைத்துச் செய்ததுதான் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 1989 வாக்கில் கடைக்கு வந்தது.

லாந்தனம் நமக்கு அந்நியமான சரக்கு அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் அது கலந்திருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் அங்கே மோனசைட்டை அடையாளம் கண்டபோது, உலகம் அதில் தேடியது தோரியத்தை. கேஸ் விளக்கின் மேன்டிலுக்காக.

சரி, கடைக்கு வருவோம். “அண்ணா, இதுல 1.2 வோல்ட்தான் போட்டிருக்கு, வண்டி ஓடுமா?” என்று கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. நியாயமான சந்தேகம், சாதாரணக் கட்டையில் 1.5 என்றல்லவா இருக்கிறது! ஆனால் அந்த 1.5 தொடக்கத்தில் மட்டும்தான். ரிமோட் கார் ஒரு ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தை இழுக்கும்போது, அந்தச் சாதாரண அல்கலைன் பேட்டரியின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குப் பேட்டரியே தன்னுள் போடும் முட்டுக்கட்டை, கால் வோல்ட் வரை தின்றுவிடும். மிச்சமும் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டே போகும். நிக்கல் வகையில் உள்தடை மிகக் குறைவு. கிட்டத்தட்ட கடைசிவரை 1.2 பக்கத்திலேயே நிற்கும். கார், பபுள் கன், கேமரா ஃபிளாஷ் போன்ற பசி மிகுந்த சாதனங்களில் ஜெயிப்பது 1.2தான்.

அடுத்து எம்ஏஎச் என்ற எண். பேட்டரியின் கொள்ளளவு அது. 2,000 என்றால் இரண்டு ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று கை தானாக 2,600ஐ நோக்கிப் போகும். அங்கேதான் சூட்சுமம். அப்படிப் பெரிய எண் போட்ட பழைய ரகங்கள் அலமாரியில் சும்மா கிடந்தாலே மாதத்துக்கு 20, 30 சதவீதம் வடிந்துவிடும். இதற்குத் தன்னிறக்கம் என்று பெயர். கோடை விடுமுறையில் விளையாடிவிட்டு ஆயுத பூஜைக்கு எடுத்தால் காலி. 2005 நவம்பரில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பேட்டரியைக் கொண்டுவந்து இந்த ஓட்டையை அடைத்தது. ஓராண்டு கிடந்தாலும் 85 சதவீதம் மிஞ்சும் என்றது அந்நிறுவனம். இன்று பல கம்பெனிகள் இதைச் செய்கின்றன. அட்டையில் ‘ப்ரீ-சார்ஜ்டு’ அல்லது ‘ரெடி டு யூஸ்’ என்றிருந்தால் அந்த ஜாதி. வீட்டுக்கு 2,000 போதும். பென் அளவில் 3,000, 4,000 என்று அச்சிட்டிருந்தால் கதை விடுகிறார்கள். மளிகைக் கடைத் தராசில் நான்கையும் சேர்த்து வையுங்கள். முள் 100 கிராமைத் தாண்ட வேண்டும். எடையில் ஏமாற்றுவது கஷ்டம்.

பேட்டரிக்குச் செலவழித்துவிட்டுச் சார்ஜரில் கஞ்சத்தனம் பார்ப்பவர்கள்தான் அதிகம். நல்ல சார்ஜர் செய்வது நாடி பார்க்கும் வைத்தியம். சார்ஜ் ஏற ஏற வோல்டேஜ் உயரும். நிரம்பிய பிறகும் மின்சாரத்தைத் தள்ளினால், நிக்கல் பக்கத்தில் ஆக்ஸிஜன் கிளம்பி எதிர்ப்பக்கம் போய் ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி தண்ணீராகிவிடும். மூடிய கட்டை வெடிக்காமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். அப்போது கட்டை சூடாகும். சூட்டில் வோல்டேஜ் ஆயிரத்தில் சில பங்கு வோல்ட் இறங்கும். அந்தச் சிறு சறுக்கலைப் பிடித்துத் தானே நின்றுகொள்வது நல்ல சார்ஜர். நான்கு குழிக்கும் தனித்தனி விளக்கு இருந்தால், ஒவ்வொன்றையும் தனியாகக் கவனிக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இழப்பையும் சேர்த்தால் ஒரு பேட்டரிக்கு ஏறக்குறைய நான்கு வாட்-மணி. ஒரு யூனிட் கரண்டில் 250 தடவை!

பழசும் புதுசும் கலந்து போடக்கூடாது என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. நான்கும் வரிசையாக இணைந்திருப்பதால், நோஞ்சான் முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ள, அதன் பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழாகி உள்ளே சேதம் ஏறும். கார் தள்ளாடத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டால் இதைத் தவிர்க்கலாம். பிள்ளைகள் நிறுத்துவார்கள் என்று நான் நம்பவில்லை. மார்க்கரால் செட்டுக்குச் செட் குறி போட்டு வைப்பது நடக்கிற காரியம்.

சுவர்க் கடிகாரத்துக்கு இவ்வளவு ஜோடனை வேண்டாம். அது குடிக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். சாதாரணக் கட்டையே ஓராண்டு தாங்கும். டிவி ரிமோட்டும் அப்படியே.

இப்போது யுஎஸ்பி ஒயரில் சார்ஜ் ஏற்றும் 1.5 வோல்ட் லித்தியம் பென் பேட்டரியும் விற்கிறது. உள்ளே இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் செல். கூடவே, அதை 1.5ஆகக் குறைத்துத் தரும் பொடி மின்சுற்று. 1.2ஐ ஏற்காமல் முரண்டு பிடிக்கும் பொம்மைக்கு இது சரியான மருந்து. டார்ச்சுக்கு வேண்டாம். கடைசி நொடிவரை 1.5 கொடுத்துவிட்டுச் சட்டென்று அணைந்துபோகும் ரகம் அதிகம். நிக்கல் வகையென்றால் கொஞ்ச நேரமாவது மங்கிக் காட்டும். மலையில் கரண்ட் போன இரவில் இந்த வித்தியாசம் பெரிது. பாக்கெட் ரேடியோவிலும் போட வேண்டாம். அந்தப் பொடிச் சுற்று விநாடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தைத் தட்டி அணைத்துத்தான் வோல்டேஜைக் குறைக்கிறது. மீடியம் வேவ் செய்தியில் அது கரகரவென்று கேட்கும்.