உங்களுக்குத் தெரியுமா? அனல் மின்நிலையத்தை எதிர்த்த கோயில் சனம்

அமெரிக்காவில் 2020இல் தொடங்கிய ‘தயேனு’ என்ற யூத அமைப்பு, புவி சூடாவதைத் தடுக்க, நிலக்கரியிலும் எண்ணெயிலும் பணம் போடாதீர்கள் என்று பெரிய நிதி நிறுவனங்களை நெருக்கி வருகிறது. யூதச் சபைகள் பலவற்றில் அதற்கு உள்ளூர்க் குழுக்கள் உண்டு.

இலங்கையின் புத்தளம் கரைக்கு, சமயத்தவர் நிலக்கரியை எதிர்ப்பது பழைய கதை. 1990களில் கற்பிட்டித் தீபகற்பத்தின் நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்றதும் சிலாபம் மறைமாவட்டக் கத்தோலிக்கர் எதிர்த்து நின்றார்கள். சில கிலோமீட்டர் தள்ளித்தான் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். திருவிழா நாட்களில் தமிழரும் சிங்களவரும் குடும்பம் குடும்பமாக வந்து, மரநிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துத் தங்கும் இடம் அது. அன்றைய பயம் புவி சூடாவதைப் பற்றியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோயில் சுவரை அரிக்கும் அமில மழை, மீன்பாடு, தோட்டம், இவைதான்.

திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஆனால் நிற்கவில்லை. 2006இல் வேலை தொடங்கி, 2011இல் முதல் அலகு ஓடியது. இப்போது மொத்தம் 900 மெகாவாட். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது. அதனால் முன்கூட்டியே மலையாகக் குவித்து வைக்கிறார்கள். காற்று வீசினால் அந்தத் தூசு வீடுகளிலும் பயிரிலும் படிகிறது என்பது அக்கம்பக்கத்துச் சனங்களின் நெடுநாள் முறைப்பாடு.