மூட்டை நகரும் வழி

2025ஆம் ஆண்டு அக்டோபர் மழையில், நம் பகுதி நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாயிலில் குவிந்து கிடந்த குறுவை நெல் முளைவிட்டதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விளைச்சலில் குறையில்லை, வாங்கும் ஏற்பாடும் இருந்தது. வாங்கிய மூட்டை இடம்விட்டு நகராததே தொல்லைக்கு மூலமாயிற்று. லாரி போதவில்லை என்பது அப்போது எங்கும் கேட்ட சொல். அது முற்றும் மெய்தானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஒரு நிலையம் நாளொன்றுக்கு 1,000 மூட்டை வாங்குகிறதெனக் கொள்வோம். மூட்டைக்கு 40 கிலோ வீதம் 40 டன். பத்து டன் ஏற்றும் லாரி நான்கு நடை வரவேண்டும். இரண்டு நடையே வருமாயின் நாள்தோறும் 500 மூட்டை தங்கும். பத்தாம் நாள் 5,000. அப்பால் அடுக்க இடமின்றிக் கொள்முதல் நிற்கும். உழவரின் நெல் வெட்டவெளியில் நனையும். வாய்க்கால் எத்துணை அகலமாயினும் மதகின் அளவே நீர் பாயும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இனி அந்த லாரியைப் பின்தொடர்வோம். நிலையத்தில் 250 மூட்டை ஏறும்வரை நிற்கிறது. கிடங்கு வாயிலில் இறக்குவதற்காக மறுபடியும் நிற்கிறது. ஓடும் நேரம் சிறிது, நிற்கும் நேரமே பெரிது. ஒரு நடை அடிக்கும் லாரி இரண்டு நடை அடிக்குமாயின், புது லாரி ஒன்றும் அமர்த்தாமலே லாரிகள் இரட்டித்தனவாகும். நெசவாள அங்கத்தினர்க்கு இது எளிதில் விளங்கும். தார் சுற்றுபவர் பின்தங்கினால் நல்ல தறியும் சும்மா நிற்கிறது. இன்னொரு தறி வாங்கிப் பயன் என்ன?

ஆகவே முதல் நாள் மாலையிலேயே சாக்குகளைத் தைத்து, ஒரு லாரிக்கு ஓர் அட்டி என 250 மூட்டைகளாகப் பாதையோரம் அடுக்கி வைத்தல் வேண்டும். சுமைதூக்குவோர் ஒரு குழுவுக்குப் பதில் இரு குழுவாக இருப்பின் ஏற்றும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். மொத்தக் கூலி மூட்டைக் கணக்கில் கொடுக்கப்படுவதால் அது கூடுவதில்லை. எந்த நிலையத்து லாரி எந்த வேளையில் கிடங்கை அடைவது என்பதைத் தொலைபேசியிலேயே குறித்துக்கொள்ளலாம்.

சரக்கு இரயிலின் கணக்கு வேறு. ஒரு இரயிலில் ஏறத்தாழ 2,000 டன் போகிறது. அதாவது 50,000 மூட்டை, 200 லாரி நடை. ஏற்றுவதற்கு இரயில்வே தரும் நேரம் அளவானது. மீறினால் தாமதக் கட்டணம். இரயில் வரும் நாள் முன்கூட்டித் தெரிந்தால், நிலையத்து மூட்டையைக் கிடங்கில் இறக்காமல் நேரே இரயிலடிக்கே அனுப்பலாம்; ஒரு இறக்கமும் ஓர் ஏற்றமும் மிச்சம். நீடாமங்கலம் இரயில்வே கேட்டில் காத்திருந்தவர்கள், இரவில் லாரி ஓட்டுவதன் அருமையையும் அறிவார்கள். (மாயவரம்–முத்துப்பேட்டை இருப்புப்பாதையை 1894இல் அமைத்தது தஞ்சை ஜில்லா போர்டு, அதுவும் குடிகளிடம் வசூலித்த செஸ் பணத்தில்!)

மற்றொன்று, நாம் நீரையும் சுமக்கிறோம். நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 17 பங்குக்கு உலர்த்தினால் எடை சுமார் 36 கிலோ குறையும். பத்து டன் லாரியில் இது ஒன்பது மூட்டை. வழக்கமான கொள்முதல் வரம்பும் 17 பங்கே. களத்தில் உலர்த்துவதற்கு வெயில் வேண்டும். ஐப்பசியில் அது நம் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அறுவடை இயந்திரம் வந்தபின் ஓர் ஊர் நெல் முழுதும் சில நாளில் களத்துக்கு வந்துவிடுகிறது. இயந்திரத்தை முறைவைத்து அழைக்கவும், டோக்கன் வரிசையைப் பலகையில் எழுதி வைக்கவும் சங்கங்கள் முன்வரலாம். எல்லாத் தடையும் இவ்வாறு தீராது. 2025இல் செறிவூட்டிய அரிசிமணிகளுக்கு ஒப்புதல் தாமதமானதால் அரவை பின்தங்கியது என்றும் சொல்லப்பட்டது. அத்தகைய முடிச்சை அவிழ்ப்பது அரசுகளின் வேலை. சம்பா நெல் தை, மாசியில் வரும். சாக்கையும் தார்ப்பாயையும் எண்ணி, இரு சுமைக் குழுக்களையும் பேசி முடிக்க மார்கழி மாதம் போதும்.